அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்

பிளஸ்ஸியின் கோபத்தைப் பற்றிச் சேலையூரில் அவள் குடியிருக்கும் தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். தண்ணீர் லாரிக்காரர் ஒன்று சொல்வார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் இன்னொன்று சொல்வார். கேம்ப் ரோடு சிக்னலில் அவள் ஸ்கூட்டியை உரசிவிட்டு நழுவப் பார்த்த கார்க்காரர் இன்றைக்கும் அந்தப் பக்கம் வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் போகிறாராம். அவளுடைய அப்பா எலியேசர் தாம்பரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எம் பொண்ணு தங்கமானவ தம்பி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்" என்று பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை ஜாய்சனிடம் சொல்லிவிட்டு, பின்னால் பேச்சு வராமல் கையைக் கழுவிக்கொண்டார்.

அவளுக்குக் கிடைத்த வேலையும் அப்படி. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதி முடித்ததில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிப் பிடித்து முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், அதற்குச் சம்பளமும் உண்டு. இதைவிட வேறென்ன வேண்டும் அவளுக்கு! காலையில் கம்பெனி பஸ் ஏறினால் மேடவாக்கம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே இரண்டு பேரிடம் சண்டை போட்டிருப்பாள்.

இப்படிப்பட்டவள் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வயிறு எரிகிறது.

ஜாய்சனுக்கு அம்மா கிடையாது. அவன் பிறந்த அன்றைக்கே ஆபரேஷன் தியேட்டரில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த அக்கா ஹெப்சிபாதான் தம்பியை மடியில் போட்டு வளர்த்தார். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். படித்து, ஆசிரியையாகி, இன்று ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடது கையில் கடிகாரம், காலில் சத்தம் வராத செருப்பு. அந்த வீட்டில் யாரிடம் கேள்வி கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். "ஜாய்சன், காபியா டீயா?" என்று வந்த விருந்தாளி கேட்டால், "அவன் காபிதான் குடிப்பான்" என்பார் அக்கா. சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் ஒரு ஃபேக்டரியில் நாற்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர் ஜாய்சன், தலையாட்டிவிட்டுக் காபியைக் குடிப்பான்.

பிளஸ்ஸிக்கும் அம்மா இல்லை, அவள் கல்லூரி முடிக்கும் முன்பே காலமாகிவிட்டார். அதனால் தலைப்பிரசவத்துக்கு அவள் பிறந்த வீடு போகவில்லை. ஹெப்சிபாதான் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், அதில் குறை சொல்ல முடியாது. மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தார். காலைப் பிடித்துவிட்டார். கூடவே சபையில் ஒரு பொருத்தனையும் பண்ணிக்கொண்டார். கத்தி படாமல் பிள்ளை பிறந்தால் எல்லார் முன்னாலும் நின்று சாட்சி சொல்லிக் காணிக்கை படைக்கிறேன் என்று.

எட்டாம் மாதம் ஒரு நாள் பிளஸ்ஸியின் துணியில் ரத்தக் கறை. இரண்டு நாள் கழித்து மறுபடியும். பயந்துபோய் ஹெப்சிபாவிடம் சொன்னாள்.

"லேசாதானே பட்டிருக்கு? டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார் ஹெப்சிபா. "இப்பல்லாம் ஒரு சாக்கு கிடைச்சா போதும், உடனே சிசேரியன்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க. எங்கம்மாவை அப்படித்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. வெளிய வந்தது யாருன்னு எனக்குத்தான் தெரியும்."

அந்த வாரமே நர்சிங் ஹோமில் செக்கப். "ஏதாவது கம்ப்ளெய்ண்ட் இருக்காம்மா? வலி, ப்ளீடிங்?" என்று கேட்டார் டாக்டர். பிளஸ்ஸி வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் ஹெப்சிபாவின் கை வந்து அவள் கையை அழுத்தியது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் ஹெப்சிபா.

அழுத்திய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் பிளஸ்ஸி பேசாமல் இருந்தாள். எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் எகிறிவிடுவாள், ஆனால் எதிரே ஒருவர் நடுங்கினால் அவளுக்குக் கத்த வராது.

சுகப்பிரசவம்தான். ஆண் குழந்தை. வெளியே வந்ததும் மூச்சை இழுத்து அவன் அழுத அழுகையில், "தொண்டையைப் பாரு, அப்படியே அம்மா!" என்று நர்ஸ் சிரித்தார். டேனியல் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே ஹெப்சிபா சபையில் எழுந்து நின்று, எங்கள் வீட்டில் கத்தி படாமல் கர்த்தர் காத்தார் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள்.

மூன்று மாதம் போனது. பிளஸ்ஸிக்கு ரத்தம் நிற்கவில்லை. இந்த முறை அவள் யாரையும் கேட்காமல் தனியாகப் போய்ப் பரிசோதனை பண்ணிக்கொண்டாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஆபரேஷன், அதற்குப் பிறகு கதிர்வீச்சு, அதற்குப் பிறகு எதையும் சாப்பிட முடியாத மாதங்கள். கத்தி கடைசியில் பட்டேவிட்டது. ஆனால் சபையில் யாருக்கும் அது என்ன என்று தெரியாது.

"ஃபைப்ராய்ட் கட்டின்னு சொல்லியிருக்கேன்" என்றார் ஹெப்சிபா. "அந்த இடத்துல கான்சர்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. உன் ஒழுக்கத்தையே இழுப்பாங்க. உனக்கு எதுக்கு அந்தப் பேஜார்?"

பிளஸ்ஸி படுக்கையில் கிடந்தாள். சண்டை போடத் தெம்பில்லை. அவளை அரித்த பயம் வேறு. பிள்ளைக்குத் தொற்றுமா என்று தன் டாக்டரிடம் கேட்டாள். இது தொற்றுகிற நோயில்லை, தாராளமாகக் கொஞ்சலாம் என்றார் அவர். எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்வார்கள், அது சரியும்கூட. பிளஸ்ஸி பிழைத்து எழுந்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள், மறுபடியும் சிறுசேரி பஸ் ஏறினாள்.

டேனிக்கு இரண்டு வயது நெருங்கும்போது இருமல் ஆரம்பித்தது. சளி மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல். நம் ஊரில் நுரையீரலில் நிழல் என்றால் முதலில் யாரும் காசநோயைத்தான் நினைப்பார்கள், அதற்கான மருந்து மாதக்கணக்கில் உள்ளே போனது. பிள்ளைதான் இளைத்தான். ஓடி விளையாடினவன் நாலு அடி நடந்து உட்கார்ந்துவிடுவான். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டுக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்தார்கள். கடைசியில் பட்டணத்துக்குள் இருக்கிற ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஜெயஸ்ரீ என்ற டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். ஜாய்சன் மடியில் டேனி. பக்கத்தில் பிளஸ்ஸி. அவளுக்கு அந்தப் பக்கம் ஹெப்சிபா.

"கான்சர்தான், சந்தேகமில்ல" என்றார் ஜெயஸ்ரீ. பூசி மெழுகாத ஆள். "ஆனா இந்த வயசுக் குழந்தைக்கு நுரையீரல்ல வர்ற மாதிரி இது இல்ல. எனக்கே புரியல. எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம மருந்து ஆரம்பிச்சா, தப்பான மருந்தாப் போயிடலாம். இவன் இருக்கற நிலைமைக்கு ரெண்டாவது தடவ ட்ரை பண்ண நேரம் இருக்காது. அதனால கேக்கறதுக்கெல்லாம் யோசிச்சு சொல்லுங்க. பிரெக்னன்சில ஏதாவது பிரச்சினை? ப்ளீடிங், இன்ஃபெக்ஷன்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் ஹெப்சிபா. "நார்மல் டெலிவரி."

"அம்மாவுக்கு ஏதாவது நோய்?"

"ஃபைப்ராய்ட் ஆபரேஷன் ஒண்ணு. வேற எதுவும் இல்ல."

மேசைக்கு அடியில் அந்தக் கை மறுபடியும் வந்தது.

பிளஸ்ஸி குனிந்து அதைப் பார்த்தாள். பாருங்கள் அநியாயத்தை! பிள்ளை மூச்சு விட முடியாமல் அப்பன் மடியில் சாய்ந்து கிடக்கிறான், இங்கே கௌரவம் கை நீட்டிக்கொண்டு வருகிறது. அவளுக்குள் இரண்டு வருஷத்துக்கு மேலாக அடைத்துக் கிடந்தது அத்தனையும் ஒரே நொடியில் மேலே வந்தது.

"கையை எடுங்க அக்கா."

"பிளஸ்ஸி, நான் சொல்றதைக் கேளு..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!" அவள் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "டாக்டர், இவங்க சொன்னது எல்லாம் பொய். எட்டாம் மாசத்துலேருந்து எனக்கு ப்ளீடிங் இருந்தது. சிசேரியன் பண்ணிடுவாங்கன்னு மறைச்சோம். டெலிவரி ஆகி மூணாவது மாசம் கர்ப்பப்பை வாயில கான்சர்னு கண்டுபிடிச்சாங்க. ஃபைப்ராய்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது!"

ஜாய்சன், "அக்காவை அப்படிப் பேசாதே" என்று மெல்ல ஆரம்பித்தான். "நீங்க காபி குடிங்க!" என்று அவன் பக்கம் திரும்பிக் கத்தினாள். அந்த அறையில் காபியே இல்லை. ஆனால் ஜாய்சனுக்குப் புரிந்தது.

ஜெயஸ்ரீ கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிளஸ்ஸியையே பார்த்தார். "உங்க கட்டியோட சாம்பிள் எந்த ஆஸ்பத்திரில இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

புற்றுநோய்க்காக வெட்டி எடுக்கிற சதையில் ஒரு துண்டை மெழுகில் பதித்து வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதற்கு பிளாக் என்று பெயர். விரல் நுனி அளவுதான் இருக்கும். அன்று மதியமே பிளஸ்ஸி தன்னுடைய பிளாக்கை வாங்கப் போனாள். "நாளைக்கு வாங்கம்மா" என்று கவுண்டரில் சொன்னார்கள். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலத்துக்குள் பிளாக் ஜெயஸ்ரீயின் மேசைக்கு வந்துவிட்டது. டேனியின் கட்டியையும் அதையும் சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று ஜெயஸ்ரீ கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ஆம்பளப் புள்ளையோட உடம்புல எந்த செல்லை எடுத்தாலும் ஆண் அப்படிங்கற அடையாளம் ஒண்ணு இருக்கும். டேனியோட ரத்தத்துல இருக்கு, தோல்ல இருக்கு. அந்தக் கட்டில இல்ல. ஏன்னா அந்தக் கட்டி அவனோடது இல்ல. உங்களோடது. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணா இருக்கு. பிறக்கும்போது, முதல் மூச்சை இழுக்கறப்ப, உங்க கட்டியோட செல்லு சிலது அவன் நுரையீரலுக்குள்ள போயிருக்கு. உலகத்துலேயே இப்படி விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் பாத்திருக்காங்க."

பிளஸ்ஸிக்கு அந்த அழுகை ஞாபகம் வந்தது. தொண்டையைப் பாரு, அப்படியே அம்மா.

"அன்னைக்கே ப்ளீடிங்கைச் சொல்லியிருந்தா?" என்று கேட்டாள்.

"செக் பண்ணியிருப்பாங்க. கண்டுபிடிச்சிருக்கலாம். கண்டுபிடிக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா, சும்மா உங்களைத் தேத்தறதுக்காக நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப நீங்க சொன்னதால ஒரு வழி கிடைச்சிருக்கு. அந்தக் கட்டி அவனுக்கு அந்நியம். அவன் உடம்பு அதை அடையாளம் கண்டுட்டா அதுவே எதிர்த்து சண்டை போடும். அதைத் தட்டி எழுப்பற மருந்து ஒண்ணு இருக்கு. நாங்க முதல்ல குடுக்கறதா இருந்தது அது இல்ல."

சண்டை போடுவது என்றால் அவன் அம்மாவைப் போலத்தானே இருப்பான், போடட்டும் என்று பிளஸ்ஸி நினைத்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஜாய்சன் அழுதான். அவள் அழவில்லை. அழுகிற நிலைமையை எல்லாம் அவளுடைய கோபம் தாண்டிப் போயிருந்தது. தன் உடம்பு மேல் கோபம். அன்று நடுங்கிய கைக்கு இரங்கிய தன் மேல் கோபம். சேதி எப்படியோ கசிந்து போன் செய்த உறவுக்காரர்கள் மேல் அதைவிடக் கோபம். "பெத்தவ கிட்டேருந்தே புள்ளைக்கா? என்ன பாவமோ, உபவாசம் இருந்து அறிக்கை பண்ணிடும்மா" என்று கோவிலம்பாக்கத்திலிருந்து ஜாய்சனின் சித்தி ஒருத்தி சொன்னாள். "என் பாவம் இருக்கட்டும் சித்தி, நீங்க உங்க புருஷனோட சர்க்கரையைப் பாருங்க" என்று போனை வைத்தாள் பிளஸ்ஸி. ஹெப்சிபாவுடன் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் ஒருவர் சமைத்ததை இன்னொருவர் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

மருந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற ஆரம்பித்தது. முதலில் காய்ச்சல் வந்தது, உடம்பெல்லாம் தடித்தது. அப்புறம் ஒரு நாள் டேனி கட்டிலை விட்டு இறங்கி, சிலிண்டர்காரரைப் பார்க்க வாசல் வரைக்கும் ஓடினான். அடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. "இன்னும் முடியல" என்றார் ஜெயஸ்ரீ. "ஆனா மருந்து கேக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில், சாட்சி சொல்கிற நேரத்தில் ஹெப்சிபா எழுந்தார். மைக் அவர் கைக்குப் போனது.

"என் தம்பி மகன் டேனியலுக்கு நெஞ்சில இருந்த பலவீனத்தைக் கர்த்தர்..."

நெஞ்சில பலவீனமா? பிளஸ்ஸி விசுக்கென்று எழுந்தாள். பெண்கள் பக்கத்து வரிசையில் நாலு பேரின் காலை மிதித்துக்கொண்டு போய், "அக்கா, உக்காருங்க" என்று மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு ஃபைப்ராய்ட்னு சொல்லி ஜெபம் பண்ணீங்க. எனக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்."

ஆண்கள் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. மைக் செட் பார்க்கிற பிரதர் சத்தத்தைக் குறைத்தார். பிளஸ்ஸி மைக்கைப் பக்கத்து பெஞ்சில் வைத்துவிட்டாள். அவளுக்கு எதற்கு மைக்?

"எட்டாம் மாசம் எனக்கு ரத்தம் பட்டுச்சு. டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொன்னோம். எதுக்கு? கத்தி படாம பெத்து, இங்க வந்து சாட்சி சொல்றதுக்கு! சொன்னாங்க, நீங்களும் அல்லேலூயா சொன்னீங்க. எம் புள்ளை முதல் மூச்சுலேயே என் நோயை இழுத்துக்கிட்டான். ரெண்டாவது தடவயும் இல்லைன்னு சொல்லியிருந்தா இந்நேரம் அவன் இருந்திருக்க மாட்டான். எனக்கு இதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. வெக்கப்பட்டு மறைச்சதுதான் எங்களைக் கொல்லப் பாத்துச்சு. இங்க உக்காந்திருக்கற பொம்பளைங்கள்ல எத்தனை பேர், அதெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? போய்க் காட்டுங்க. அதுக்கப்புறம் ஜெபம் பண்ணுங்க, நானும் கூட வந்து பண்றேன்."

போதகர் அவசர அவசரமாக, "நாம் எழுந்து நின்று பாடுவோம்" என்றார். எந்தப் பாட்டு என்று சொல்ல மறந்துவிட்டார்.

ஆராதனை முடிந்து, வெளியே செருப்புக் குவியலில் பிளஸ்ஸி தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் பக்கத்தில் வந்து குனிந்தாள், செருப்பைத் தேடுகிற மாதிரி. "சிஸ்டர், எனக்கும் கொஞ்ச நாளா..." என்றாள். அவள் நகர்ந்ததும் இன்னொருத்தி வந்து குனிந்தாள். அன்றைக்கு அந்தப் பெண்களுக்குச் செருப்புக் கிடைக்க வெகு நேரமானது.

வீட்டு வாசலில் ஆட்டோ இறக்கிவிட்டது. தூங்கிவிட்ட டேனியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜாய்சன் உள்ளே போனான். ஹெப்சிபா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லார் முன்னாடியும் என்னை அவமானப்படுத்திட்டே."

"ஆமா" என்றாள் பிளஸ்ஸி.

ஹெப்சிபா தலையை ஆட்டினார். கஞ்சி போட்ட புடவை மடிப்பை நீவினார், மறுபடியும் நீவினார். பிறகு, "அந்த ஆஸ்பத்திரில பெரியவங்களையும் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும்..." என்று தொடங்கிய வாய் பாதியில் நின்றது. "எனக்கு எல்லாம் நின்னு மூணு வருஷமாச்சு, பிளஸ்ஸி. டேனியை முதல்ல அங்க கூட்டிட்டுப் போனோமே, அதுக்கு முன்னாலேருந்தே மறுபடியும் ரத்தம் படுது."

பிளஸ்ஸி அப்படியே நின்றாள். அன்றைக்கா? மேசைக்கு அடியில் கை நீட்டினாரே, அப்போதும் இந்த அம்மா இதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாரா? இத்தனை மாதம், அவள் பேசாமல் முறைத்துக்கொண்டே சாப்பிட்ட சோற்றைச் சமைத்துப் போட்டதும் இதோடுதானா?

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று தெருவே அதிரக் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "டேனிக்கு ஆனதைக் கண்ணால பாத்தீங்கல்ல? பாத்துட்டுமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த மனுஷன் உயிரோட இருப்பாரா? என் புள்ளைக்கு யாரு இருக்கா?" தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "ஏறுங்க."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை..."

"டியூட்டி டாக்டர் இருப்பாங்க."

"புடவையாவது மாத்திக்கிட்டு..."

"ஏறுங்கன்னேன்!"

ஏறினார். ஆட்டோவுக்குள் அந்தக் கை அவள் பக்கம் வந்தது, அன்று போலவே நடுங்கிக்கொண்டு. பிளஸ்ஸி அதைப் பிடித்துக்கொண்டாள். கத்துவதை மட்டும் விடவில்லை. "நடுங்கினா நடுங்குங்க. டாக்டர் கேட்டா உங்க வாயாலதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், கேட்டுக்கோங்க."

"இன்னாம்மா, இப்பதானே எறங்கினீங்க?" ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா ஆச்சு? எங்க போவணும்?"

பிளஸ்ஸி உதட்டைக் கடித்துக்கொண்டு ஹெப்சிபாவையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப்பா" என்றார் ஹெப்சிபா. "எனக்கு உடம்பு சரியில்ல."